பள்ளி மணி எந்த வீட்டில் அடிக்கும்?



வெண்ணந்தூருக்குள் நுழைகிறவரை முதலில் வரவேற்பது மனிதக் குரல் அன்று, தறியின் ஓசை. தெருவுக்குத் தெரு, திண்ணைக்குப் பின்னே, ஓட்டு வீட்டுக்கு உள்ளே, அந்த ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். 1997 வரை சேலம் மாவட்டத்திலும், அதன்பின் நாமக்கல் மாவட்டத்திலும் அடங்கிய ஊர். இராசிபுரம் வட்டாரத்து மக்கள் நன்கறிந்த ஊர். பாவையும் ஊடையையும் நம்பிப் பிழைக்கும் உழைப்பாளிகள் நிறைந்த ஊர். இது வீடு, இது தொழிற்கூடம் என்று கோடு கிழித்துக் காட்ட முடியாத வீடுகள் இங்கே பல உண்டு. ஒரு மூலையில் அடுப்பு எரியும். மறு மூலையில் தறி ஆடும். இரண்டுக்கும் நடுவே குழந்தை தவழும்.

அத்தகைய வீடொன்றை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். திங்கட்கிழமை, முற்பகல் பத்தரை மணி. ஊர்ப் பள்ளியில் பாடம் நடந்துகொண்டிருக்கிறது. இந்த வீட்டின் கதவோ சாத்தியிருக்கிறது. உள்ளே 12 வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். "பையன் ஏன் பள்ளிக்கு வரவில்லை?" என்று கேட்டு வருகிறார் ஆசிரியர். "அவன் வீட்டிலேயே படிக்கிறானுங்க" என்று பதில் வருகிறது. நம்புவதா, மறுப்பதா என்று தெரியாமல் ஆசிரியர் திரும்பிப் போகிறார். சிறுவன் கையில் இருந்தது ஏடா, தார்க்குச்சியா? அறிந்துகொள்ள அவருக்கு வழியில்லை.

இனிச் சென்னையிலோ கோவையிலோ உள்ள மாடி வீடொன்றை எண்ணிப் பாருங்கள். தந்தை பொறியாளர், தாய் பட்டதாரி. சுவர் நிறையப் புத்தகங்கள், மேசைமேல் கணிப்பொறி. மனப்பாடத்திலும் மதிப்பெண் ஓட்டத்திலும் தம் மகளை வதைக்க மனமின்றி, அவர்கள் தாமே பாடம் சொல்லித் தருகிறார்கள். அங்கே போய்க் கேட்டாலும் அதே பதில்தான்: "எங்கள் பிள்ளை வீட்டிலேயே படிக்கிறாள்." அங்கே அது உண்மை.

இரண்டு கதவுகள், இரண்டிலும் ஒரே பதில். முதற்கதவுக்குள்ளே இருப்பது அடிமை வாழ்வின் தொடக்கமாக இருக்கலாம்; இரண்டாம் கதவுக்குள்ளே இருப்பது உரிமை வாழ்வின் ஒரு வகை. சட்டத்தின் கண்ணுக்கோ இருவரும் ஒரே வகையினர்; பள்ளிப் பதிவேட்டில் பெயர் இல்லாத பிள்ளைகள். இந்த இருவரையும் பிரித்தறியச் சட்டத்துக்குக் கண் வேண்டாமா என்பதே இந்த ஞாயிறன்று உங்கள்முன் நான் வைக்கும் கேள்வி.

★

முதலில், இருக்கும் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த 1950-இல், அதன் 45-ஆவது பிரிவு, 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்கப் பத்தாண்டுக்குள் அரசு முயல வேண்டும் என்றது. பத்தாண்டு போயிற்று; இருபதாண்டு போயிற்று; நாற்பதும் போயிற்று. 1993-இல் உச்ச நீதிமன்றம், 14 வயது வரை கல்வி பெறுவது உரிமையே என்று தீர்ப்புரைத்தது. 2002-இல் 86-ஆவது திருத்தத்தின் மூலம் 21-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. 2009-இல் கல்வி உரிமைச் சட்டம் நிறைவேறி, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பத்தாண்டில் செய்வோம் என்ற வேலைக்கு அறுபது ஆண்டு ஆயிற்று!

ஆமை வேகத்தில் வந்தாலும் நல்ல சட்டமே. 6 வயது முதல் 14 வயது வரை உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் அருகிலுள்ள பள்ளியில் இலவசமாகப் படிக்கும் உரிமையை அது தருகிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆவது பிரிவு கூறுகிறது. கடமை என்று கூறுகிறதே அன்றி, தவறிய பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் வைக்கவில்லை. வறுமையால் வாடுகிறவரை வழக்குமன்றத்துக்கு இழுப்பது அறமாகாது. ஆகவே அதனைக் குறையென்று நான் கூறவில்லை.

ஆனால், வீட்டில் வைத்துக் கற்பிப்பது அந்தக் கடமையை நிறைவேற்றியதாகுமா? சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். ஆகும் என்று எழுதியிருக்காது, ஆகாது என்றும் எழுதியிருக்காது. வீட்டுக்கல்வி என்னும் சொல்லை 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் ஓரிடத்தில் மட்டும் கொண்டுவந்தது. பல்வகை ஊனமோ கடுமையான ஊனமோ உள்ள பிள்ளை, விரும்பினால் வீட்டிலிருந்தே கல்வி பெறலாம் என்பது அந்தத் திருத்தம். படுக்கையை விட்டு எழ முடியாத பிள்ளைக்குப் பள்ளியே தேடி வரட்டும் என்ற கனிவு அது. மற்றப் பிள்ளைகளைப் பற்றிச் சட்டம் வாய் திறக்கவில்லை. டில்லி உயர்நீதிமன்றத்தில் இந்தக் கேள்வி எழுந்தபோது, விரும்பி வீட்டுக்கல்வியைத் தேர்ந்துகொண்ட பெற்றோர் அதனைத் தொடரலாம் என்று ஒன்றிய அரசு 2012-இல் ஒரு வாக்குமூலம் தந்தது. வாக்குமூலம் வாக்குமூலமாகவே நின்றது. சட்டத்தின் வரியாக ஏறவில்லை.

தடையும் இல்லை, அனுமதியும் இல்லை; பதிவும் இல்லை, பார்வையும் இல்லை. வசதி உள்ளவருக்கு இந்த மௌனம் வசதியாக இருக்கிறது. வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது என்னவாக இருக்கிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

★

படிப்பு எங்கே நடந்தாலும், முடிவில் ஒரு தாள் வேண்டும். "இவன் படித்தவன்" என்று உலகத்துக்கு எடுத்துச் சொல்லும் தாள். அந்தத் தாளைத் தருபவர் யார்?

அமெரிக்க நாட்டில் வீட்டுக்கல்வி 50 மாநிலங்களிலும் சட்டத்துக்கு உட்பட்டது. ஆனால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு முறை. டெக்சாசில் பெற்றோர் அரசுக்கு அறிவிப்புக்கூடத் தர வேண்டியதில்லை. வீடே தனியார் பள்ளியாகக் கருதப்படும். உயர்நிலைப் படிப்பை முடித்ததற்கான சான்றிதழைத் தாய் தந்தையரே எழுதிக் கையொப்பமிட்டுத் தரலாம். நியூயார்க்கில் அப்படியன்று. ஆண்டுதோறும் அறிவிப்புத் தர வேண்டும். என்ன கற்பிக்கப் போகிறோம் என்று திட்டம் தர வேண்டும். காலாண்டுக்கு ஒரு முறை அறிக்கை தர வேண்டும். ஆண்டு முடிவில் மதிப்பீடும் தர வேண்டும். செருமனியிலோ, பிள்ளை பள்ளிக்கு வந்தே ஆக வேண்டும். வீட்டில் கற்பிப்போம் என்று வாதாடிய பெற்றோரின் முறையீட்டை 2006-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் ஏற்கவில்லை. உரிமை நாடுகள் என்று பெயர் பெற்ற நாடுகளிலேயே, ஒரு கோடியில் டெக்சாசு, மறு கோடியில் செருமனி!

நம் நாட்டில், பெற்ற தாய் எழுதித் தரும் சான்றிதழுக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பில்லை. பெற்றோர் மட்டும் அன்று, பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பள்ளியே தன் விருப்பப்படி எழுதித் தர முடியாது. தமிழ்நாட்டில் அதனைத் தருவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். வெண்ணந்தூர் மாணவனும் சென்னை மாணவனும் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதுகிறார்கள்; திருத்துகிறவர் எழுதியவன் பெயரையும் அறியார், குலத்தையும் அறியார். அப்பனுக்குச் செல்வாக்கு இருந்தால் மகனுக்குச் சான்றிதழ் என்ற நிலை இங்கே வராமல் காப்பது அந்தப் பொதுத்தேர்வு. அதில் ஆயிரம் குறைகள் இருக்கலாம். ஆனால் சான்றிதழைப் பெற்றோர் கையில் கொடுத்தால், மாடி வீட்டுத் தாள் தங்கத்தாளாகவும் தறி வீட்டுத் தாள் வெறுந்தாளாகவும் போய்விடும். டெக்சாசு முறை நமக்கு ஆகாது என்று நான் கூறுவது அதனாலேதான்.

பள்ளிக்குப் போகாதவனுக்கும் அந்தப் பொதுத்தேர்வில் ஓர் இடம் உண்டு. அவனைத் தனித்தேர்வர் என்கிறார்கள். தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதப் பன்னிரண்டரை வயது நிரம்பியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதப் பதினான்கரை வயது நிரம்பியிருக்க வேண்டும். அறிவியல் பாடத்துக்கு, குறிக்கப்பட்ட பள்ளியில் செய்முறைப் பயிற்சியும் பெற வேண்டும். இன்னொரு வழி, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1979-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் ஒரு திட்டமாகத் தொடங்கி, 1989-இல் தனி அமைப்பாகி, 2002-இல் இன்றைய பெயரைப் பெற்றது அது. 14 வயது நிரம்பியவர் அதன் இடைநிலைப் படிப்பில் சேர்ந்து ஐந்து பாடங்களில் தேர்வு எழுதலாம்.

பட்டணத்துப் பெற்றோர் இந்த வழிகளை நன்கறிவார்கள். விண்ணப்பம் எப்போது, கட்டணம் எவ்வளவு, தேர்வு எங்கே என்பதெல்லாம் அவர்கள் விரல் நுனியில் இருக்கும். தறி ஓட்டும் தந்தைக்கு இதனை எடுத்துச் சொன்னவர் யார்? அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் போக வேண்டுமென்றால், அந்த நாட்களின் கூலியை ஈடு செய்வார் யார்? கதவு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது என்கிறார்கள், உண்மைதான். கதவு இருக்கும் தெருவே தெரியாதவனுக்குத் திறந்த கதவும் மூடிய கதவும் ஒன்றே.

★

"பெற்றோரே பிள்ளைக்கு ஆசான், வீடே பள்ளி, இதில் என்ன கேடு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கேள்வி தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1953-ஆம் ஆண்டை நினைவில் கொள்க.

அன்று முதலமைச்சராக இருந்தவர் இராசகோபாலாச்சாரியார். இந்தச் சேலத்து மண்ணுக்கு அவர் அயலார் அல்லர். அந்நாளைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர். சேலத்தில் வழக்கறிஞராக விளங்கியவர். சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் கண்டு கதர் வளர்த்தவர். நெசவாளர் வீட்டை அவர் அறியாதவர் அல்லர். அப்படியிருந்தும், நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு அவர் கொண்டுவந்த திட்டம் என்ன? நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளிப் படிப்பு. மிச்ச நேரம் வீட்டில், பெற்றோரின் தொழிலைப் பழகுவது. இருக்கும் கட்டடத்தில், இருக்கும் ஆசிரியரைக் கொண்டு, இரு வேளையாக இரு மடங்கு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்று அவர் தரப்பில் காரணம் கூறப்பட்டது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. கணக்கில் விட்டுப்போனது ஒன்று, பிறப்பு!

நெசவாளி மகன் பிற்பகலில் என்ன கற்பான்? நெசவு. சவரத் தொழிலாளி மகன்? சவரம். வெளுப்பவர் மகன்? வெளுப்பு. நகரத்து வழக்கறிஞர் மகன்? அவனுக்குத் திட்டமே இல்லை. அது நாட்டுப்புறத்துக்கு மட்டும்! ஆகவேதான் மக்கள் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். பெரியார் எதிர்த்தார், அண்ணா எதிர்த்தார், ஆட்சிக் கட்சிக்கு உள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. 1953 சூலையில் நடந்த மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை இந்தத் திட்டத்தை நோக்கியது. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

எதிர்த்தவர்கள் நெசவை இழிவாக எண்ணி எதிர்த்தார்களா? இல்லை. கைத்தறி நெசவாளர் துயர் துடைக்கத் துணிமூட்டையைத் தோளில் சுமந்து தெருவில் நின்று விற்றவர்கள் அவர்கள். நெசவு உயர்ந்த தொழில். கலையும் கணக்கும் கலந்த தொழில். விரும்பியவன் கற்கட்டும், மருத்துவர் மகனும் கற்கட்டும். ஆனால் "நீ நெசவாளி மகன், ஆகவே நீ நெசவே கற்பாய்" என்ற அந்த "ஆகவே" ஆகாது. அந்த ஒரு சொல்லை எதிர்த்துத்தான் இந்த நாடு எழுந்தது.

அந்த எழுச்சிக்குப் பின் இங்கே பள்ளி என்பது வெறும் பாடம் கேட்கும் இடமாக இருக்கவில்லை. 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு வந்தது, 1982-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவாக விரித்தார், 2022-இல் மு.க. ஸ்டாலின் காலை உணவையும் சேர்த்தார். ஒரே பலகையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அமர்ந்தார்கள். ஒரே அண்டாச் சோற்றை உண்டார்கள். வீட்டில் அப்பா எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பக்கத்துச் சேரிப் பிள்ளையைத் தம் மகன் அருகில் உட்காரவைத்துப் பாடம் சொல்வாரா? பள்ளி அதனைச் செய்கிறது. எல்லாப் பள்ளியும் முழுமையாகச் செய்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். சாதிக் கயிறு கட்டி வரும் பிள்ளைகள் இன்றும் இருப்பதை நாம் அறிவோம். ஆனால் அந்தக் கயிற்றை அறுக்க முயலும் இடமும் பள்ளியே.

★

இனி, பிறகு வருகிறேன் என்று சொன்ன இடத்துக்கு வருகிறேன். சட்டத்தின் மௌனம் தறி வீட்டுச் சிறுவனுக்கு என்னவாக முடிகிறது?

குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது, 2016-இல் திருத்தப்பட்டது. 14 வயதுக்கு உட்பட்ட எவரையும் எந்த வேலையிலும் அமர்த்தக்கூடாது என்பது திருத்தம். வரவேற்க வேண்டிய வரி! ஆனால் அதன் அருகிலேயே ஒரு விலக்கு: ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் முடிந்த பின்னரோ, விடுமுறை நாளிலோ, பிள்ளை குடும்பத்துக்கு உதவலாம்.

தோழர்களே, அந்த இரு சொற்களை மீண்டும் படியுங்கள். "பள்ளி நேரம்."

பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குப் பள்ளி நேரம் உண்டு. மணி அடித்தால் தொடக்கம். மணி அடித்தால் முடிவு. அவன் தறிமுன் உட்கார்ந்திருப்பது காலை பதினொரு மணிக்கு என்றால், அது குற்றம் என்று எவரும் சொல்லிவிடலாம். வீடே பள்ளி என்றால்? மணி எங்கே அடிக்கும்? எத்தனை மணிக்குப் பள்ளி தொடங்கிற்று, எத்தனை மணிக்கு முடிந்தது என்று யார் சொல்வது? "காலையில் ஆறிலிருந்து எட்டு வரை பாடம் முடிந்துவிட்டது, இப்போது உதவி செய்கிறான்" என்று சொன்னால் மறுப்பதற்கு எந்த ஏடு இருக்கிறது? ஒரு சட்டம் வீட்டுக்கல்வியைப் பற்றி மௌனம் சாதிக்கிறது. மறு சட்டம் குடும்பத் தொழிலுக்கு விலக்கு அளிக்கிறது. இரண்டு சட்டமும் தனித்தனியே தீங்கற்றவைபோல் தோன்றும். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நடுவே ஓர் ஓட்டை தெரியும். அந்த ஓட்டை வழியே 1953-ஆம் ஆண்டுத் திட்டம் திரும்பி வந்துவிட முடியும். அரசாணை இல்லாமல், ஆர்ப்பாட்டம் இல்லாமல், எதிர்ப்பதற்குப் பெயர்கூட இல்லாமல்! அன்று பாதி நாள்தான் வீட்டுக்கு என்றார்கள். இந்த ஓட்டையிலோ முழுநாளும் போய்விடும்.

இதற்குப் பெற்றோரைப் பழிப்பது எளிது. பழிக்காதீர்கள். தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கிவிட்டு, அதனை அடைக்க ஆண்டுக்கணக்கில் உழைக்கும் குடும்பங்கள் இந்த வட்டாரத்துக்குப் புதியவை அல்ல. இரண்டு கை போதவில்லை என்றால் மூன்றாவது கை தேடுகிறார்கள்; அருகில் இருப்பது மகனின் கை.

இன்னொன்றும் உண்டு. கல்வி உரிமைச் சட்டம் தரும் பாதுகாப்பு 14 வயதோடு, எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. எட்டாம் வகுப்பு முடித்தவனுக்குச் சான்று தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம்; ஆனால் வேலைக்கும் தொழிற்படிப்புக்கும் உலகம் பெரும்பாலும் கேட்பது பத்தாம் வகுப்புச் சான்றிதழை. உரிமை முடியும் இடத்துக்கும் உலகம் கேட்கும் இடத்துக்கும் நடுவே இரண்டு ஆண்டு. அதே 14 வயதில்தான் ஆபத்தில்லாத வேலைகளுக்கான தடையும் நீங்குகிறது. ஒரு கை விடுகிறது. மறு கை பிடிக்கிறது. விடுவது பள்ளியின் கை, பிடிப்பது தறியின் கை.

★

அப்படியானால் வீட்டுக்கல்வியை அடியோடு தடை செய்ய வேண்டுமா? செருமனியின் வழி நமக்கு வேண்டுமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. நோயுற்ற பிள்ளை இருக்கிறது. ஊனமுற்ற பிள்ளை இருக்கிறது. பள்ளியில் அவமானப்பட்டு மனம் உடைந்த பிள்ளை இருக்கிறது. ஊர் விட்டு ஊர் பிழைக்கப் போகும் குடும்பத்துப் பிள்ளை இருக்கிறது. பள்ளியை விட்டு நின்று, பத்தாண்டு தறி ஓட்டி, முப்பது வயதில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுத வரும் உழைப்பாளியும் இருக்கிறார். கதவை மூடினால் முதலில் அடிபடுவது இவர்கள்தாம். கதவு திறந்தே இருக்கட்டும்; ஆனால் கதவருகே ஒரு விளக்கு எரியட்டும்.

நான் கேட்பவை நான்கு.

முதலாவது, வீட்டில் கற்பிக்க விரும்பும் பெற்றோர், அருகிலுள்ள அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் எழுத்தில் அறிவிக்க வேண்டும். பிள்ளையின் பெயர் அந்தப் பள்ளிப் பதிவேட்டில் தனிப்பக்கத்தில் ஏறட்டும். பாடநூலும் மருத்துவச் சோதனையும் மற்றப் பிள்ளைகளுக்குப் போல அந்தப் பிள்ளைக்கும் கிடைக்கட்டும். வீட்டுக்குள் புகுந்து அரசு சோதனை போடும் என்று அஞ்ச வேண்டாம். ஆண்டுக்கு இரு முறை பிள்ளை தன் ஏடுகளோடு பள்ளிக்கு வந்து ஆசிரியரிடம் பேசினால் போதும். படிக்கிற பிள்ளையா, பாடுபடுகிற பிள்ளையா என்று கண்டறிய நல்லாசிரியருக்கு அரை மணி நேரம் போதாதா?

இரண்டாவது, வீட்டுக்கல்வி என்று அறிவிக்கும் குடும்பத்தில், 14 வயது வரை குடும்பத் தொழில் விலக்கு செல்லாது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். இரண்டில் ஒன்று: பிள்ளைக்குப் பள்ளி மணி வேண்டும், அல்லது பிள்ளை தறிப்பக்கம் போகாதிருக்க வேண்டும். இந்த ஒரு வரி ஓட்டையை அடைத்துவிடும்.

மூன்றாவது, சான்றிதழ் பொதுத்தேர்வின் வழியே வரட்டும். ஆனால் தனித்தேர்வரின் பாதையில் கிடக்கும் கல்லையும் முள்ளையும் அரசு அகற்றட்டும். உழைப்பாளர் வீட்டுத் தனித்தேர்வருக்குக் கட்டணம் வேண்டாம். செய்முறைப் பயிற்சியை மாலையிலும் விடுமுறையிலும் அருகிலுள்ள பள்ளியிலேயே நடத்தட்டும். 2021-இல் இல்லம் தேடிக் கல்வி என்ற திட்டத்தில் தன்னார்வலர்கள் வீதிகளுக்கு வந்து பாடம் சொன்னார்களே, அது பள்ளிக்கு மாற்றாக அன்று, பள்ளிக்குத் துணையாக வந்தது. தறித் தெருவில் தனித்தேர்வருக்கும் அத்தகைய துணை கிடைக்கட்டும்.

நான்காவது, கல்வி உரிமையின் எல்லை எட்டாம் வகுப்பில் நிற்காமல் பத்தாம் வகுப்பைத் தாண்ட வேண்டும். தமிழ்நாடு தன் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு வரை கட்டணமின்றிக் கற்பித்து வழிகாட்டியிருக்கிறது. அரசின் அருளாக இருப்பது பிள்ளையின் உரிமையாக ஆகட்டும்.

★

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை, தோழர்களே. இருக்கும் சட்டத்திலேயே நாம் பயன்படுத்தாத படைக்கலங்கள் உண்டு.

ஆண்டின் நடுவே வந்தாலும் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். மாற்றுச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்று இல்லை என்று கூறி 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்கு இப்போது 12 வயது என்றால், சிறியவர்களோடு உட்கார்ந்து நாணப்பட வேண்டியதில்லை. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, ஈடுகட்டச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். 14 வயது கடந்துவிட்டாலும், எட்டாம் வகுப்பு முடியும்வரை அவனுக்கு இலவசக் கல்வி உண்டு. இவை எல்லாம் கெஞ்சிப் பெறும் சலுகைகள் அல்ல. சட்டத்தில் எழுதப்பட்ட உரிமைகள். வேலையில் வதைபடும் பிள்ளையைக் கண்டால் 1098 என்ற எண்ணுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

நாளை திங்கட்கிழமை. வெண்ணந்தூரிலும், அதுபோல் தறி ஆடும் ஊர்களிலும் வாழும் தோழர்களே, பள்ளி மணி அடித்த பிறகு உங்கள் தெருவில் ஒரு முறை நடந்து பாருங்கள். சாத்திய கதவு தெரிந்தால் சண்டைக்குப் போகாதீர்கள், உறவோடு தட்டுங்கள். "தம்பி எந்த வகுப்பு?" என்று கேளுங்கள். பையன் வீட்டிலேயே படிப்பதாகச் சொன்னால், "நல்லது, என்ன படிக்கிறான்?" என்று கேளுங்கள். ஏட்டைக் கொண்டுவந்து காட்டினால் வாழ்த்திவிட்டு வாருங்கள். தேர்வுக்கு விண்ணப்பிக்கும் வழியைச் சொல்லிவிட்டு வாருங்கள். ஏடு வராமல், தறியின் ஓசை மட்டும் வந்தால், அவன் தந்தையின் அருகில் உட்காருங்கள். முன்பணம் எவ்வளவு என்று கேளுங்கள். தலைமையாசிரியரை அழைத்துவாருங்கள்.

1954-இல் இந்த நாட்டு மக்கள் ஒரு திட்டத்தை வீழ்த்தியது, தங்கள் பிள்ளைகளின் பிற்பகலைக் காப்பாற்றுவதற்காக. அந்தப் பிற்பகல்களில் படித்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தாம் இன்று மருத்துவராகவும் பொறியாளராகவும், வீட்டுக்கல்வி வேண்டும் என்று கேட்கும் உரிமை பெற்றவராகவும் விளங்குகிறார்கள். தறிக்குப் பின்னே உட்கார்ந்திருக்கும் சிறுவனுக்கு நாம் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. அவன் காதில் பள்ளி மணி விழவேண்டும். தறியின் ஓசையை மீறி விழவேண்டும்.